உவர்நீர்ப் பாசனத்துக்குத் தனி உரப் பரிந்துரை கோரும் மனு

அனுப்புநர்:
பள்ளிகொண்டா பகுதி பாலாற்றங்கரைச் சிறு விவசாயிகள்,
வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
வேலூர்.

பொருள்: உவர் கிணற்று நீரில் விளையும் சின்ன வெங்காயம், பூண்டுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) அளவை வரையறுத்துத் தரக் கோருதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தோல் பதனிடும் ஆலைக் கழிவுகளால் பாலாற்றுப் படுகை கெட்டது குறித்து உச்ச நீதிமன்றமே 1996-இல் தீர்ப்பு வழங்கியிருப்பதால், எங்கள் பகுதிக் கிணறுகள் பல உவர்த்துக் கிடப்பதைத் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த நீரை இறைத்துப் பயிர் செய்யும் நாங்கள் தழைச்சத்துக்காக எவ்வளவு யூரியா இடுவது என்பதற்குத்தான் இன்றுவரை வழிகாட்டுதல் இல்லை.

சின்ன வெங்காயத்துக்கு எக்டேருக்கு 60 கிலோ தழைச்சத்து, அதில் பாதி அடியுரம், மீதி முப்பதாம் நாள் மேலுரம் என்பது பொதுப் பரிந்துரை. நல்ல நீருக்கு அது சரி. உவர்நீர் பாயும் வயலிலோ பாத்தி ஓரங்களில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. வெங்காயத் தாள்கள் நுனியிலிருந்து கருகி இறங்குகின்றன. அதைத் தழைச்சத்துக் குறை என்று எண்ணி விவசாயி மேலும் ஒரு கை யூரியா வீசுகிறார். நீரிலுள்ள உப்பின் குளோரைடு, வேர் உறிஞ்சும் தழைச்சத்து வடிவமான நைட்ரேட்டோடு போட்டியிடுவதால் இட்ட உரம் முழுதும் பயிருக்குச் சேருவதில்லை. உப்பு அளவோடு இருக்கும்வரை தழைச்சத்து ஓரளவு கைகொடுக்கும், அது மிஞ்சிய பிறகு இடும் உரமோ மண் கரைசலின் உப்பைக் கூட்டவே செய்யும். காலம் கடந்து இட்ட யூரியாவால் கழுத்து தடித்து, காய் சேமிப்பில் அழுகுவது தனி நட்டம்.

உப்பின் அளவைக் காட்டும் மண் கரைசலின் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 1.2 டெசிசைமனைத் தாண்டினாலே வெங்காய மகசூல் குறையத் தொடங்கும் என்றும், பூண்டு ஏறத்தாழ 3.9 வரை தாங்கும் என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. இந்த வேறுபாடு எங்களுக்கு நம்பிக்கை தருகிறது. ஆனால் அவை வேறு மண்ணிலும் வேறு தட்பவெப்பத்திலும் கண்ட அளவுகள். குளிர்விரும்பிப் பயிரான பூண்டு எங்கள் வெயிலில் எப்படித் திரளும் என்பதை இங்கேயே நட்டுத்தான் அறிய வேண்டும்.

ஆகவே, விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தின் மூலம், வெவ்வேறு உவர் அளவுள்ள கிணறுகளை ஒட்டிய எங்கள் வயல்களிலேயே, இவ்விரு பயிர்களுக்கும் பல தழைச்சத்து அளவுகளை வரும் கார்த்திகைப் பட்டத்தில் சோதித்துப் பார்க்க ஆணையிட வேண்டுகிறோம். நிலத்தையும் உழைப்பையும் நாங்கள் தருகிறோம். மண்வள அட்டை வழங்கும்போது கிணற்று நீரையும் பரிசோதித்து, அதற்கேற்ற உர அளவை அதே அட்டையில் எழுதித் தரவும், சாம்பல்சத்து உரமான மூரியேட் ஆஃப் பொட்டாஷில் குளோரைடு இருப்பதால் அதற்கு மாற்றாகப் பொட்டாசியம் சல்பேட் கூட்டுறவுச் சங்கங்களில் கிடைக்கவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பாலாற்றங்கரைச் சிறு விவசாயிகள்