சேகர ஆயருக்கும் சேகரக் குழுவுக்கும்: கொஞ்ச நேரம் சும்மா இருக்க விடுங்கள்

ஆயர் ஐயாவுக்கும் குழு உறுப்பினர்களுக்கும் ஸ்தோத்திரம்.

போன திருவிருந்து ஞாயிறு அன்று பீடத்தருகே முழங்காலிட்டு, உள்ளங்கையில் வாங்கிய அப்பத்தை வாயில் வைத்து இன்னும் விழுங்கக்கூட இல்லை, கேட்டை மறித்து நிற்கும் பல்சரை உடனே எடுக்கும்படி மைக்கில் அறிவிப்பு வந்தது. சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. (வண்டி என்னுடையது இல்லை.) நம் ஆராதனையில் ஒரு நிமிடமாவது பாட்டு, பேச்சு, அறிவிப்பு எதுவும் இல்லாமல் இருக்கிறோமா என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். இல்லை.

ஜெபிக்காத சபை என்று சொல்லவில்லை. உபவாச ஜெபம், வீட்டு ஜெபம், கன்வென்ஷன் எல்லாம் நடக்கிறது. ஆனால் எல்லாவற்றிலும் நாம்தான் பேசுகிறோம்: மகளுக்கு வரன், மகனுக்கு விசா, முட்டுவலி. கேட்பது தப்பில்லை, கேளுங்கள் என்று சொன்னவர் அவர்தான். அவரே யோவான் 15-ல் "என்னில் நிலைத்திருங்கள், நானும் உங்களில் நிலைத்திருப்பேன்" என்றும் சொல்லியிருக்கிறார். அவர் திராட்சைச்செடி, நாம் கொடி. கொடி செடியிடம் மனு கொடுத்துக்கொண்டா இருக்கிறது? ஒட்டிக்கொண்டிருக்கிறது, சாறு வருகிறது.

எங்கள் ஆச்சி விடியுமுன் எழுந்து, அடுப்பு பற்றவைப்பதற்கு முன்னால் திண்ணையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருப்பாள். உதடு அசையாது. என்ன ஜெபம் பண்ணினீங்க என்று ஒருநாள் கேட்டதற்கு, "ஒண்ணும் கேக்கலய்யா, கூட இருந்தேன்" என்றாள்.

ஈஸ்டருக்கு முந்தைய இந்த லெந்து நாட்களில் நானும் தினமும் 20 நிமிடம் அப்படி உட்கார்ந்து பார்த்தேன். முதல் பத்து நாள் இ.எம்.ஐ. ஞாபகமும் தூக்கமும்தான். தரிசனம், பரவசம் எதுவும் இல்லை. ஆனால் வரப்புத் தகராறில் நான்கு வருடமாகப் பேசாத அண்ணனின் முகம் மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது, எத்தனை தள்ளினாலும் போகவில்லை, கடைசியில் பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் போனை எடுத்துவிட்டேன்.

இது தியானம், புறமதத்துப் பழக்கம் என்று குழுவில் ஒருவர் சொன்னாராம். அண்ணாச்சி, "அதிகாலையில், இருட்டோடே" எழுந்து வனாந்தரமான இடத்துக்கு ஆண்டவர் போனதை மாற்கு முதல் அதிகாரத்திலேயே எழுதியிருக்கிறாரே. 1891-ல் நம் பாளையங்கோட்டையில் பிறந்து, பின்னால் கோயம்புத்தூரின் முதல் பேராயரான ஏ. ஜே. அப்பாசாமி ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ச்சி செய்ததே யோவான் சுவிசேஷம் சொல்லும் இந்த ஐக்கியத்தை, அதாவது ஆண்டவரில் நிலைத்திருப்பதைப் பற்றித்தான், அதுவும் நம் பக்தி மரபோடு சேர்த்து வைத்து. கடவுளில் கரைந்து காணாமல் போவதை அவர் சொல்லவில்லை. குமாரன் பிதாவோடு அன்பிலும் கீழ்ப்படிதலிலும் ஒன்றாயிருந்ததுபோல நாமும் இருப்பதைத்தான் சொன்னார். அதில் என்ன புறமதம்?

கேட்பது இரண்டே விஷயம். திருவிருந்துக்குப் பிறகு ஐந்து நிமிடம் மைக்கை அணைத்துவையுங்கள், கீபோர்டையும் சேர்த்துத்தான். அப்புறம், வாரநாட்களில் காலை ஐந்து முதல் ஆறு வரை கோயில் கதவைத் திறந்துவையுங்கள். ஃபேன், லைட் வேண்டாம். கோயிலைக் கவனித்துக்கொள்ளும் கோயில் குட்டியாருக்கும் சிரமம் வேண்டாம், திறந்து பெருக்கிப் பூட்டுவதை நானே பார்த்துக்கொள்கிறேன். சாவியை யாரிடம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.