24 பெயர் கொண்ட ஒரே கணினி

மார்த்தாண்டம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள கூட்டுக்காரனுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. இத்தனை வருடம் கடல் கடந்து கிடந்துவிட்டு, கடைசியில் குளச்சல் பக்கமே ஒரு மருத்துவமனையில் வந்து உட்கார்ந்துவிட்டாய் என்று அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “மரச்சீனியும் சாளைக் குழம்பும் இழுத்துக்கொண்டு வந்திருக்கும்” என்றாள். மழை இன்னும் விட்டபாடில்லை. தினமும் மூன்று மணிக்கு வானம் இருட்டுகிறது, நான்கு மணிக்கு இடி. போன வாரம் மின்னலில் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் கருகியது. துலாமழைக் காலத்தில் மாலை வீட்டுக்குக் கிளம்புமுன் எந்தெந்த வயரைப் பிடுங்கி வைக்க வேண்டும் என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறேன்.

மருத்துவமனைக் கணினிகளுக்குக் கணக்கு வைக்க எந்த மென்பொருள், ஜிஎல்பிஐ நல்லதா, ஸ்னைப்-ஐடி நல்லதா, ஒற்றை வார்த்தையில் சொல் என்று கேட்டிருக்கிறாய். ஒற்றை வார்த்தை என்றால் ஜிஎல்பிஐ. அதோடு நிறுத்த என்னால் ஆகாது என்பது தெரிந்துதானே கேட்டாய்.

எங்கள் கல்லூரியில் வெகுகாலம் கணினிக் கணக்கு என்றால் ஸ்டாக் ரெஜிஸ்டர்தான். நீள நோட்டு, சிவப்பு மார்ஜின், மார்ச் மாதச் சரிபார்ப்பில் மூன்று பேர் கையெழுத்து. அதன் லட்சணம் 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்தபோதுதான் தெரிந்தது. ஓர் ஆய்வகத்தின் கூரைத் தகடு பறந்து மழை உள்ளே கொட்டியது. கரண்ட் திரும்பப் பல நாள் ஆயிற்று. அதற்குள் காப்பீட்டுப் படிவம் வந்து, நனைந்த ஒவ்வொரு கணினிக்கும் வரிசை எண், வாங்கிய தேதி, விலை என்று கேட்டது. நோட்டைத் திறந்தால் ‘கணினி – 30’ என்று ஒரே ஒரு வரி. நனைந்த பெட்டிகளைக் குப்புறக் கவிழ்த்து, அழிந்துபோன ஸ்டிக்கர்களை டார்ச் அடித்துப் படித்தேன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது.

முதலில் ஓசிஎஸ் இன்வென்டரி போட்டேன். ஒவ்வொரு கணினியிலும் ஏஜென்ட் என்ற ஒரு சின்ன நிரல் உட்கார்ந்து, உள்ளே என்ன ப்ராசசர், எவ்வளவு மெமரி, என்னென்ன மென்பொருள் என்று சர்வருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். சொன்ன வேலையைச் சரியாகச் செய்தது. ஆனால் யார் என்ன புகார் சொன்னார்கள், எந்த ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பதற்கெல்லாம் வேறு இடம் தேட வேண்டியிருந்தது. அதனால் ஜிஎல்பிஐக்கு மாறினேன். இதுவும் பிரெஞ்சுக்காரர்களின் சரக்கு, 2003 முதல் இருக்கிறது. முன்பெல்லாம் கணினி விவரங்களைத் தானாகத் திரட்ட அதனோடு ஓசிஎஸ்ஸையோ அதுபோன்ற ஃப்யூஷன்இன்வென்டரியையோ ஒட்டவைக்க வேண்டும். 2022இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து அந்த வேலை அதற்குள்ளேயே அடங்கிவிட்டது. புகார்ச் சீட்டு, வாரன்டி, லைசென்ஸ், வாங்கிய விலை எல்லாம் ஒரே கணினியின் பக்கத்தில் இருக்கிறது. பிரின்டர் பழுது என்று ஒருவர் புகார் போட்டால், அதே பிரின்டருக்கு இது எத்தனையாவது தடவை என்று அங்கேயே தெரியும்.

இப்போது 24 பெயர்க் கதை. இரண்டாம் ஆய்வகத்தில் இருப்பவை கடையில் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய கணினிகள். எல்லாவற்றிலும் ஏஜென்ட் போட்டுவிட்டு மாலையில் திரையைப் பார்த்தால் 24க்குப் பதில் ஒன்றே ஒன்று நிற்கிறது. பெயர் எல்2-07. பக்கத்தைப் புதுப்பித்தேன், எல்2-19. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் எல்2-03. வரலாறு என்று ஒரு பகுதி உண்டே, அதைத் திறந்தால் அந்த ஒற்றைக் கணினி கூடு விட்டுக் கூடு பாய்ந்ததுபோல ஒவ்வொரு பெயராக மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது.

இரண்டு கணினிகளில் உட்கார்ந்து, மதர்போர்டில் பதிந்திருக்கும் விவரங்களைக் காட்டும் டிஎம்ஐடிகோட் கட்டளையைக் கொடுத்தேன். வரிசை எண் இருக்க வேண்டிய இடத்தில் ‘டு பி ஃபில்ட் பை ஓ.ஈ.எம்.’ என்று இருந்தது. தயாரித்தவர் நிரப்பிக்கொள்ளட்டும் என்று போர்டுக்காரர் விட்டுவிட்டார், பூட்டிய கடைக்காரர் எதை நிரப்புவார்? அதன் கீழே இருந்த யுயுஐடி என்ற நீள எண்ணாவது தனித்தனியாக இருக்க வேண்டும். அதுவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான். ஒரே அடையாள எண்ணோடு 24 பேர் வரிசையில் வந்து நின்றால் ஜிஎல்பிஐ என்ன செய்யும், கடைசியாக வந்தவன் பெயரை எழுதிக்கொள்ளும். இப்படிப்பட்ட பொய் எண்களைப் போட்டுவைக்க அதில் ஒரு கருப்புப் பட்டியல் இருக்கிறது. எங்கள் போர்டின் எண்ணை அதில் சேர்த்ததும், ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் தனித்தனியாக இருக்கும் மேக் முகவரியை வைத்துப் பிரித்தறிய ஆரம்பித்தது. மறுநாள் 24 சுத்தமாக வந்துவிட்டது.

வந்ததா, ஆய்வகத்துக்குப் போய்க் கையால் எண்ணினேன். 23.

ஒரு கணினியின் ஐபி முகவரி மட்டும் நூலகக் கட்டடத்து வரிசையில் இருந்தது. போய்ப் பார்த்தால், பழைய சஞ்சிகைக் கட்டுகளுக்கு நடுவில், மேசைக்கு அடியில், வருகைப் பதிவுக்காகச் சமர்த்தாக ஓடிக்கொண்டிருக்கிறது. யார் தூக்கிக்கொண்டு வந்தது என்று கேட்டேன். எல்லோரும் சீலிங்கைப் பார்த்தார்கள்.

உனக்குச் சொல்ல வந்ததே இதைத்தான். கணினிக்குள் என்ன இருக்கிறது என்பதை ஏஜென்ட் உன்னைவிட நன்றாகச் சொல்லும். அது எந்த அறையில், யார் பொறுப்பில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஸ்னைப்-ஐடி இதற்கு நேர் எதிர். அதில் ஏஜென்ட்டே கிடையாது, உள்ளே எட்டிப் பார்க்காது. பொருளை இன்னாருக்குக் கொடுத்தேன், இன்ன தேதியில் திரும்ப வாங்கினேன் என்பதுதான் அதன் முழுக் கவனமும். க்யூஆர் ஸ்டிக்கர் அச்சடித்து ஒட்டி, போனில் காட்டினால் அந்தப் பொருளின் பக்கம் திறக்கும். தேய்மானக் கணக்கும் போட்டுத் தரும். லேப்டாப், ப்ரொஜெக்டர், டேப்லெட் என்று கை மாறும் பொருள்கள் அதிகமென்றால் அதைவிட இலகுவானது இல்லை. ஆனால் நூலகத்துக்குக் கணினியைத் தூக்கிப் போனவர் பொத்தானை அழுத்திவிட்டா தூக்குவார்? இரண்டையும் போட்டுப் பொருத்திப் பார்க்கலாம் என்று ஆசைப்படாதே. நான் நாலு மாதம் செய்து பார்த்தேன். இரண்டு கணக்கும் ஒத்துப்போகாத இடங்களைத் தேடுவதே தனி உத்தியோகமாகிவிட்டது. ஜிஎல்பிஐயை வைத்துக்கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீயே ஒரு நடை நட. பெல்ஜியத்து லான்ஸ்வீப்பரைப் பற்றியும் கேட்டிருந்தாய். ஏஜென்ட் இல்லாமலே நெட்வொர்க்கைத் துழாவி எடுக்கும், கெட்டிக்காரன்தான். எண்ணிக்கை கூடக் கூடக் கட்டணமும் கூடும் என்பதால் எங்கள் நிர்வாகத்திடம் அந்தப் பேச்சையே நான் எடுக்கவில்லை.

சர்வர் விஷயம். சர்வரைப் பிரவுசரிலேயே நிர்வகிக்கும் அந்த வெப்மின்னை நீ இன்னும் விடவில்லை என்று தெரிகிறது. 10000 என்று போர்ட் எண்ணை அடித்து உள்ளே போய், முதல் மெயில் சர்வரை நாம் இருவரும் நிறுவிய ராத்திரி எனக்கும் மறக்கவில்லை. 1997 முதல் இருக்கும் நல்ல கருவி அது. ஆனாலும் 2019இல் வெளியே தெரிந்ததை நினைத்துப் பார். யாரோ மென்பொருளைக் கட்டித் தரும் கணினிக்குள்ளேயே நுழைந்து, 1.890இலிருந்து 1.920 வரையிலான பதிப்புகளில் புறவாசல் வைத்துவிட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஒருவர் கண்ணிலும் படவில்லை. வெப்மின் மட்டும்தான் மோசம் என்று சொல்லவில்லை. 2022இல் ஜிஎல்பிஐக்குள்ளும் ஒரு நிரல் நூலகத்தின் (லைப்ரரி) சோதனைக் கோப்பு கேட்பாரற்றுக் கிடந்து, அதன் வழியாக வெளியாட்கள் நுழைந்தார்கள். 10.0.3இல் சரிசெய்தார்கள். இரண்டில் எதைப் போட்டாலும் இணையத்துக்கு முகம் காட்டவிடாதே. உள் நெட்வொர்க்கோடு இருக்கட்டும்.

இப்போது எங்கள் ஏழு லினக்ஸ் சர்வர்களிலும் வெப்மின்போலவே பிரவுசரில் திறக்கும் காக்பிட் இருக்கிறது. போர்ட் 9090. யாரும் உள்ளே போகாதபோது அது தூங்குகிறது, மெமரியைத் தின்பதில்லை. தனியாகப் பயனர் பட்டியலும் இல்லை, சர்வரின் கணக்குதான். டிஸ்க் நிரம்புகிறதா, எந்தச் சேவை விழுந்து கிடக்கிறது என்று பார்க்க அது போதும். மாற்றம் செய்ய மட்டும் ஆன்சிபிள், எழுதி வைத்த வேலைகளைப் பல சர்வர்களில் ஒரே சமயத்தில் ஓட்டும் கருவி. தூரத்திலிருந்து உள்ளே போக எஸ்எஸ்ஹெச்சும், அந்தப் பக்கம் பைத்தானும் இருந்தால் போதும், ஏஜென்ட் ஒன்றும் வேண்டாம். எழுதி வைத்ததை மறுபடி ஓடவிட்டாலும், ஏற்கெனவே சரியாக இருப்பதைத் தொடாது, ஒழுங்காக எழுதியிருந்தால். ‘ஒழுங்காக’ என்பதை ஏன் அழுத்துகிறேன் என்றால், சோதனை சர்வரை மட்டும் அப்டேட் செய்து மீண்டும் தொடங்கு என்று எழுத வேண்டியதில், எந்தெந்த சர்வர் என்று சொல்லும் ஹோஸ்ட்ஸ் வரியில் ‘ஆல்’ என்று விட்டுவிட்டேன். காலை பதினொரு மணி. அக மதிப்பெண் பதிவேற்றக் கடைசி நாள். ஏழு சர்வர்களும் ஏக காலத்தில் கண்ணை மூடின. முதல் தொலைபேசி வர நாற்பது வினாடி ஆயிற்று. அதிலிருந்து செக் முறையில் ஒரு தடவை ஒத்திகை பார்க்காமலும், லிமிட் போட்டு ஒரே சர்வரில் தொடங்காமலும் எதையும் ஓட்டுவதில்லை.

உன் மருத்துவமனைக்கு வருகிறேன். ஸ்கேன், லேப் கருவிகளோடு வரும் கணினிகளில் ஏஜென்ட் போடாதே. பராமரிப்பு ஒப்பந்தத்தில் கை வைக்கக் கூடாது என்று பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். நெட்வொர்க்கைத் துழாவும்போதும் அந்த முகவரிகளை விலக்கிவிடு. சில கருவிகள் வெறும் துழாவலுக்கே உறைந்துவிடும், உறைகிற நேரத்தில் மேசைமேல் நோயாளி படுத்திருப்பார். அவற்றைக் கையாலேயே பதிவு செய். மற்றதில் முதல் வேலையாக இயங்குதள வாரியாகப் பிரித்துப் பார். 2024 ஜூன் 30 அன்றே ஆதரவு முடிந்த சென்டாஸ் 7 என்ற லினக்ஸ் எங்கள் இரண்டு சர்வர்களில் ஓடிக்கொண்டிருந்தது எனக்கே அப்படித்தான் தெரிந்தது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 கடைசி நாள் என்றபோது, எந்தக் கணினி விண்டோஸ் 11ஐத் தாங்கும் என்று ப்ராசசர் வாரியாக நிர்வாகத்துக்கு ஒரே மாலையில் பட்டியல் கொடுத்தேன். நோட்டை வைத்து அதைச் செய்திருந்தால் இன்றைக்கும் எழுதிக்கொண்டிருப்பேன்.

ஸ்டிக்கர் வாங்கும்போது காகிதத்தில் வாங்காதே. உங்கள் பக்கத்து உப்புக் காற்றுக்கு ஒரு மழைக்காலம் தாங்காது. பாலியெஸ்டர் என்று கேட்டு வாங்கு. என்னிடம் ஒரு ரோல் மிச்சம் இருக்கிறது, அதை வைத்து முதல் வார்டை முடித்துவிடலாம். வருகிற ஞாயிறு மதினியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. மட்டிக் குலை ஒன்று பழுத்துத் தொங்குகிறது, விட்டால் வௌவால் முந்திக்கொள்ளும். கருப்புப் பட்டியலில் எண்ணை எங்கே சேர்ப்பது என்பதை எழுதுவதைவிட உட்கார்ந்து காட்டுவதுதான் சுலபம். உன் லேப்டாப்பைக் கொண்டுவா. மழை வந்தால் மட்டும் சார்ஜரைப் பிடுங்கிவிடுவேன்.

அன்புடன்,
உன் பழைய கடைசி பெஞ்சுக்காரன்