பாண்ட் பிள்ளைகளுக்கும் கதிரை போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த சனிக்கிழமை எங்கள் பகுதிக் கலாசார விழாவில் வெளிநாட்டிலிருந்து வந்த ஐந்து பேர் பித்தளை வாத்தியக் கச்சேரி ஒன்று செய்தார்கள். உங்கள் பத்திரிகையில் செய்தியும் படமும் வந்திருந்தது. படத்தில் மாலை போட்ட பிரமுகர்கள் நிற்கிறார்கள், வாசித்தவர்கள் ஒருவரையும் காணவில்லை. சரி, கச்சேரியைப் பற்றி நானே எழுதுவம் என்று இருந்துவிட்டேன்.

இரண்டு ட்ரம்பெட், ஒரு பிரெஞ்சு ஹோர்ன், ஒரு ட்ரொம்போன், ஒரு டியூபா, அவ்வளவுதான். தவில் இல்லை, ட்ரம்ஸ் இல்லை, தாளம் முழுவதையும் டியூபாக்காரர்தான் அடியிலிருந்து தாங்கிக்கொண்டிருந்தார். 5 மணிக்கென்று போட்ட கச்சேரி ஏழு மணிக்குத்தான் தொடங்கியது, வரவேற்புரை, ஆசியுரை, சிறப்புரை, பொன்னாடை எல்லாம் ஒழுங்காக நடந்து முடியவேண்டுமே. அதற்குப் பிறகு சவுண்ட்ஸ் காரத் தம்பி ஐந்து வாத்தியத்துக்கும் ஐந்து மைக் வைத்தார். டியூபாவுக்குள் மைக்கை விட்டதும் பெட்டி அதிர்ந்த அதிர்வில் முன்வரிசைச் சின்னப்பிள்ளை ஒன்று அழத் தொடங்கிவிட்டது. வந்தவர்கள் சிரித்துக்கொண்டே எல்லா மைக்கையும் எடுக்கச் சொன்னார்கள். தம்பிக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் மைக் இல்லாமலே வாசிப்பு கேற்றடியில் நின்ற கச்சான்காரருக்கும் கேட்டது, பிறகு அவரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

முதலில் வாசித்தது விக்டர் எவால்ட் என்ற ருஷ்யக்காரருடைய உருப்படி. 1860 இல் பிறந்த அந்த மனிதர் செயின்ட் பீற்றர்ஸ்பேர்க்கில் சிவில் எஞ்சினியரிங் படிப்பித்த பேராசிரியராம், இசை அவருக்குப் பக்கத் தொழில்தான். பாட்டு வாத்தியம் என்று திரிந்தால் சோதனை கோட்டை விட்டுவிடுவாய் என்று பிள்ளைகளை வெருட்டுகிற பெற்றோர் (நானும்தான்) இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். அடுத்து அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரத்து இழவு ஊர்வல வாசிப்பு. அங்கே பிரேதத்தோடு போகும்போது பாண்ட் மெல்ல இழுத்து வாசித்துக்கொண்டு போகும், அடக்கம் முடிந்து திரும்பும்போது துள்ளலாக வாசித்துக்கொண்டு வருமாம். இதைத் தமிழில் சொல்ல ஆளில்லை. ஆனால் அந்த இழுவை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எனக்குப் பின்னால் இருந்த ஆச்சி, "இது செத்த வீட்டுப் பாண்ட் எல்லோ" என்றார். எங்கள் பக்கமும் பாண்ட் பிடித்துப் பிரேதம் கொண்டுபோகிறவர்கள்தானே, அவருக்கு ஒருவரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. துள்ளல் பகுதி வந்தபோது அவருடைய கால்விரல் தாளம் போட்டதையும் பார்த்தேன்.

அப்புறம் ஒரு பழைய தமிழ்ச் சினிமாப் பாட்டு, கடைசியில் பைலா. பைலா தொடங்கியதும் இளைஞர்கள் எழும்பிவிட்டார்கள், அதை எழுதி விளக்கத் தேவையில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த நாதஸ்வரக்காரர் ஐயா மட்டும் கடைசிவரை ஆடாமல் அசையாமல் அவர்களுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவங்களுக்குச் சீவாளி இல்லை, உதடுதான் சீவாளி" என்றார் முடிவில். சீவாளி என்றால் நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதுகிற நாணல் துண்டு. பெரிய மேடைகள் கண்டவர், அவர் வாயால் வந்த பாராட்டு அது.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது காலையில் நடந்ததை. விழாவுக்கு முன் அந்த ஐந்து பேரும் என் மகள் படிக்கும் பாடசாலைக்கு வந்து பாண்ட் பிள்ளைகளோடு இரண்டு மணித்தியாலம் இருந்தார்கள். எங்கள் காலத்துப் பாண்ட் சாமான் எல்லாம் 2009 யுத்தத்தில் போனதோடு சரி. இப்போது இருப்பவை மீள்குடியேறிய பிறகு வெளிநாட்டில் உள்ள பழைய மாணவர்கள் வாங்கித் தந்தவை. அதில் ஒரு ட்ரம்பெட் 'பழுது' என்று இரண்டு வருடமாக அலுமாரியில் கிடந்தது, ஊதினால் காற்றே போகாது. ட்ரம்பெட்காரர் அதை வாங்கி, விரலால் அமுக்குகிற மூன்று வால்வையும் கழற்றி, மேசையில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் 1, 2, 3 என்று இலக்கம் வெட்டியிருக்கிறது. யாரோ துடைத்துவிட்டுப் பூட்டும்போது இரண்டையும் மூன்றையும் மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள், அதனால் உள்ளே ஓட்டை ஓட்டையோடு பொருந்தவில்லை. பழுது அவ்வளவுதான்! போதாததற்குத் தேங்காய் எண்ணெய் வேறு விட்டு அது பசை பிடித்துக் கிடந்தது. துடைத்து, அதற்குரிய மெல்லிய எண்ணெய் இரண்டு துளி விட்டு, இலக்கப்படி பூட்டிக் கொடுத்தார், மகள் ஊதினாள், வந்தது சத்தம். ஐந்து நிமிட வேலை. அதைச் சொல்லித்தர இங்கே ஒருவரும் இல்லாததால் இரண்டு வருடம் போனது.

இனி என் ஆதங்கம். எங்கள் பிள்ளைகளின் பாண்டை நாங்கள் எதற்குப் பயன்படுத்துகிறோம்? பிரதம விருந்தினரைக் கேற்றடியில் இருந்து மேடை வரைக்கும் கூட்டிவர. நல்ல வெயிலில், தடித்த சீருடையோடு, விருந்தினர் வரப் பிந்தினால் ஒரு மணித்தியாலம் நிற்பார்கள். பித்தளை சூடேறினால் சுருதியும் ஏறிவிடும் என்று அன்று காலை வந்தவர்கள் சொன்னார்கள், அவர்கள் தங்கள் வாத்தியங்களை வேப்பமர நிழலை விட்டு அசைக்கவில்லை. விருந்தினர் மேடை ஏறியதும் பிள்ளைகளின் வேலை முடிந்தது, மண்டபத்துக்குப் பின்னால் போய் ஜூஸ் குடிப்பார்கள். அன்றும் அதேதான். அந்த ஐந்து பேரையும் மேடைவரை வாசித்துக் கூட்டிவந்த பிள்ளைகளுக்குக் கச்சேரி கேட்க உள்ளே கதிரை இல்லை, யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார்கள். என் மகளும்தான்.

விழாக் குழுவினரிடம் நான் கேட்பது பெரிய காரியமில்லை. அடுத்த வருடம் ஒரு சிறப்புரையைக் குறைத்து, இருபது நிமிடம் அந்தப் பிள்ளைகளை மேடையில் கதிரையில் இருத்தி வாசிக்க விடுங்கள், நாங்கள் இருந்து கேட்கிறோம். பிழையாக வாசித்தாலும் கேட்கிறோம், சிறப்புரையில் வராத பிழையா. வலயக் கல்வி அலுவலகத்தில் உள்ளவர்கள் மேலைத்தேய சங்கீதம் தெரிந்த ஒருவரை மாதத்தில் ஒரு நாளாவது எங்கள் பக்கப் பாடசாலைகளுக்கு அனுப்பினால், வால்வு மாறிப் பூட்டுப்பட்டு அலுமாரியில் தூங்கும் சாமான் இன்னும் எத்தனை என்றாவது தெரியவரும்.

கடைசியாக ஒன்று. காலையில் ட்ரொம்போன்காரர் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ஹோஸ் பைப் துண்டு ஒன்றின் ஒரு முனையில் ட்ரம்பெட்டின் வாய்ப்பகுதியையும் மறுமுனையில் மண்ணெண்ணெய்ப் புனலையும் செருகி வடிவாக ஊதிக் காட்டினார். ட்ரம்பெட்டின் குழாயை நிமிர்த்தினால் கிட்டத்தட்ட நாலரை அடி வரும் என்றும் சொல்லியிருக்கிறார். ஞாயிறு காலை மிளகாய்க்குத் தண்ணீர் விடப் போனேன், என் புது ஹோஸில் சரியாக நாலரை அடியைக் காணவில்லை. வீட்டுக்குப் பின்னால் சத்தம் கேட்டது.

பாண்ட் பிள்ளை ஒருத்தியின் தகப்பன்,
ஒட்டுசுட்டான்.