அந்தக் கிளைகளை விட்டுவையுங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்துச் சாலையோர மரங்களுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை உங்கள் ஆட்கள் வந்து புளியமரங்களைக் கழித்துவிட்டுப் போனார்கள். மின்கம்பியில் உரசுகிறதாம், லாரிக்கு இடிக்கிறதாம். "கிளைதானே, மரம் நிற்கிறதே" என்று மேற்பார்வையாளர் எனக்குச் சமாதானமும் சொன்னார்.

மறுநாள் காலையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மேற்குப் பக்கத்து மரத்தில் ஒரு சாம்பல் அணில் வழக்கமான தடத்தில் ஓடி வந்தது. வெட்டுவாய் வந்ததும் நின்றது. மூக்கை வைத்து முகர்ந்தது. நீண்ட வாலைத் தொங்கவிட்டபடி எதிர்மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பிப் போய் இன்னொரு கிளை வழியாக வந்தது, அதுவும் மொட்டை. மூன்றாம் தடவை அடிமரத்தில் இறங்கி, தார்ச்சாலையில் கால் வைத்தது. நல்லவேளையாக டீக்கடை நாய் தூங்கிக்கொண்டிருந்தது.

மரத்துக்கு மரம் தாவியே பிழைக்கும் பிராணி இது என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பக்கத்து மரத்தின் தலை தொடும் இடமாகப் பார்த்துத்தான் கூடே கட்டும். இதற்காகவே 1988-இல் இங்கே சரணாலயம் வந்தது. 2021-இல் அது புலிகள் காப்பகத்தோடு சேர்ந்தது. எல்லைக் கல்லுக்கு வெளியே நிற்பது உங்கள் கணக்கில் சாலையோர மரம். அணிலுக்கு அதுதான் சாலை.

சாலைக்கு மேல் கோத்து நிற்கும் கிளைகளை வெட்டாதீர்கள். கேட்பது இவ்வளவுதான்.

அதே 2021-இல், மின்தடைக்கு அணிலும் ஒரு காரணம் என்று அன்றைய மின்துறை அமைச்சரே சொல்லி ஊரே சிரித்தது. இப்போது இந்தப் புளியமரங்கள் பக்கம் அணில் சாலையைக் கடக்க மிச்சம் இருப்பது மின்கம்பி ஒன்றுதான். நாளைக்கு அதில் ஏறினால் பழியையும் அதன் பெயரிலேயே எழுதிவிடலாம், வேலை சுலபம். வரவேற்புப் பலகையில் அணில் படம் வரைய மட்டும் எப்போதும் நிதி இருக்கிறது.

மன்னியுங்கள், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். நான் அடிவாரத்தில் மாந்தோப்பு குத்தகைக்கு எடுத்திருப்பவன். அணில் கடித்துப் போடும் காய்க்கு இதுவரை எவரிடமும் ஈடு கேட்டதில்லை.

ஓடைப்பாலத்தருகே இரண்டு நீர்மருத மரங்கள் இன்னும் கிளை கோத்து நிற்கின்றன. ஒன்றில் கூடு இருக்கிறது. இரண்டின் அடியிலும் உங்கள் ஆட்கள் சுண்ணாம்பில் எண் போட்டிருக்கிறார்கள். தயவுசெய்து அந்த எண்களை அழிக்கச் சொல்லுங்கள். கோத்து நிற்கும் கிளைகளை வெட்டாதீர்கள். கழித்த புளியமரங்கள் மறுபடி தழைக்கும் வரை, வால்பாறையில் சிங்கவால் குரங்குகளுக்குச் சாலைக்கு மேலே கட்டியிருப்பதைப் போல இங்கும் ஒரு பாலம் கட்டித்தர வேண்டுகிறேன். கயிறு கட்ட ஆள் வேண்டுமென்றால் நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
மாந்தோப்புக் குத்தகைக்காரன்