பட்டனை அமுக்குகிறவன்

அன்பு மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்றதில் நிம்மதி. ஆனால் கடைசியில் ஒரு குத்து வைத்திருக்கிறாயே, "இந்த வயசில் உனக்கு நைட் கிளப் எதுக்கு? ஒருத்தன் பட்டனை அமுக்கிவிட்டுக் கையைத் தூக்குவான், அதுக்கு டிக்கெட் வேறயா?" என்று, அதற்குப் பதில் எழுதாமல் விட மனசு வரவில்லை. போன மாதம் வரை நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் மகன் டிஜே ஆகிவிட்டான் அல்லவா, அவன்தான் இழுத்துக்கொண்டு போனான். "ஆட வேண்டாம் சித்தப்பா, என் பக்கத்தில் நின்று பாருங்கள், போதும்" என்றான்.

முதல் ஒரு மணி நேரம் ஆடும் தளத்தில் ஆறே பேர். அவன் ஹெட்ஃபோனை ஒரு காதில் மட்டும் வைத்திருந்தான். அடுத்து வரப்போகும் பாட்டு அந்தக் காதில், ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு இன்னொரு காதில். ஒன்று நிமிடத்துக்கு 124 தாள அடி, மற்றது 126. வேகத்தை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி இரண்டையும் ஒன்றாக்குகிறான். அப்புறம் எண்ணுகிறான். நாலு நாலாக எட்டு முறை, முப்பத்திரண்டு. புதுப் பாட்டு அடுத்த சுற்றின் முதல் அடியில் வந்து உட்கார வேண்டும். ஆவர்த்தனம் முடிந்து சமத்தில் சேர்வது மாதிரி என்று வைத்துக்கொள். உட்கார்ந்ததும் பழைய பாட்டின் பேஸை, அதாவது அந்தக் கனத்த தாழ்ந்த ஒலியை, குறைத்துக்கொண்டே புதியதின் பேஸைத் திறக்கிறான். இரண்டு பேஸும் ஒரே நேரத்தில் இருந்தால் கூழாகிவிடுமாம்.

ஒரு தடவை தப்பியது. இரண்டு தாளமும் முன்னே பின்னே விழ, நொண்டிக் குதிரை ஓடுவது மாதிரி தடதடவென்று ஒரு சத்தம். முன்னால் ஆடிக்கொண்டிருந்த பெண் நின்று நிமிர்ந்து பார்த்தாள். இவன் காது சிவந்துவிட்டது. சட்டென்று ஒன்றை அடக்கிவிட்டான். மொத்தம் நாலைந்து விநாடி இருக்கும். அந்தப் பெண் திரும்ப ஆடத் தொடங்கும்வரை அவன் அவளுடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தான். இரவு முழுக்க அவன் பார்த்தது கருவியை அல்ல, கால்களைத்தான். யார் களைத்துவிட்டார்கள், யார் தண்ணீர் குடிக்க நழுவுகிறார்கள் என்று பார்த்துத்தான் அடுத்த பாட்டையே தேர்ந்தெடுத்தான்.

வீட்டுக்கு வந்தபின் இந்த 'ஹவுஸ்' இசையின் கதையைத் தேடிப் படித்தேன். 1977-இல் சிகாகோவில் 'வேர்ஹவுஸ்' என்று ஒரு கிளப். டிஜே ஃபிராங்கி நக்கிள்ஸ். வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீனோ இளைஞர்கள், தன்பாலீர்ப்பாளர்கள். மற்ற இடங்களில் இடம் கிடைக்காதவர்கள். 1979 ஜூலை 12 அன்று அதே ஊரில் ஒரு பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் உள்ளே பாய்ந்து, அன்றைய இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. டிஸ்கோ ஒழிந்தது என்று ஊரே பேசியது. வேர்ஹவுஸில் மட்டும் ஆட்டம் நிற்கவில்லை. 'ஹவுஸ்' என்ற பெயரே அந்தக் கிளப்பின் பெயரிலிருந்து வந்தது என்கிறார்கள்.

உனக்குப் பிடிக்கக்கூடியது இன்னொன்று. ரோலண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம் டிபி-303 என்று ஒரு சின்ன வெள்ளிநிறப் பெட்டி செய்தது. பேஸ் கிடார்காரர் இல்லாதவர்கள் அதை வைத்துச் சமாளிக்கலாம் என்பது யோசனை. ஆனால் அதன் சத்தம் பேஸ் கிடார் மாதிரியே இல்லை. விற்கவில்லை, 1984-இல் நிறுத்திவிட்டார்கள். பழைய சாமானாக மலிவாய்க் கிடைத்ததை சிகாகோ பையன்கள் வாங்கி, அதன் குமிழ்களைத் திருகக்கூடாத அளவுக்குத் திருகினார்கள். தவளை கத்துவது போலவும் ரப்பர் இழுபடுவது போலவும் ஒரு சத்தம் வந்தது. 1987-இல் ஃபியூச்சர் என்ற குழு அதை வைத்தே ஒரு இசைத்தட்டு வெளியிட, 'ஆசிட் ஹவுஸ்' என்று ஒரு வகையே கிளம்பிவிட்டது. தோற்றுப்போன பெட்டிக்கு இப்போது யானை விலையாம்.

சரி, எல்லாம் பிடித்தது என்று நினைக்காதே. நள்ளிரவில் பெரிய டிஜே ஒருவர் வந்தார். தளத்தில் இருந்த எல்லோரும் அவர் பக்கம் திரும்பி போனைத் தூக்கிப் பிடித்துவிட்டார்கள். ஒருத்தரும் ஆடவில்லை! பெர்லினில் பல கிளப்களில் வாசலிலேயே போன் கேமராமேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்களாம். அது அதிகப்படி என்று நினைத்திருந்தேன், இப்போது அப்படி நினைக்கவில்லை.

அப்புறம் காது. இரண்டு நாள் உள்ளே ரீங்காரம். உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் இப்படிப்பட்ட இடங்களுக்கென்று வரையறை போட்டிருக்கிறது: 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது, கேட்பவர்களுக்குக் காதடைப்பான் கிடைக்க வேண்டும். நான் போன இடத்தில் காதடைப்பான் கேட்டதற்கு, வாசலில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடுத்த தடவை கையோடு கொண்டுபோவேன். ஆமாம், அடுத்த தடவை உண்டு.

நீ டிஜேவைக் கிண்டல் செய்வதுதான் எனக்குச் சிரிப்பு. கேசட் காலத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து, பாஸ் (pause) பட்டனில் விரலை வைத்துக்கொண்டு பாட்டுக்குப் பின் பாட்டாகக் கோத்தது யார்? நான் ஒரு பாட்டைத் தாண்டி ஓட்டினால், "வரிசையைக் கெடுக்காதே" என்று சண்டைக்கு வருவாயே. நீலப் பேனாவில் பட்டியல் எழுதிய அந்த அட்டை இருக்கிறதா? இருந்தால் படம் எடுத்து அனுப்பு. இரண்டாம் பக்கத்தில் ஐந்தாவது என்ன பாட்டு என்று ஒரு வாரமாய் மண்டையைக் குடைகிறது.

உன்,
பட்டன் ரசிகன்