தொப்பிச் சின்னம் சேகரிப்போர்: செயலாளரின் ஆண்டறிக்கை

சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டும் மாதம் ஒரு ஞாயிறு டர்பன் சாட்ஸ்வர்த்தில் கோயில் மண்டபத்தில் கூடினோம். புதிதாக மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

அதிகம் பேசப்பட்டது அந்த ஸ்பியன் கோப் சின்னம்தான். நம் மூத்த உறுப்பினர் ஒருவர் பழைய பொருள் சந்தையில் சிப்பாய்கள் தொப்பியில் குத்தும் பித்தளைச் சின்னம் ஒன்று வாங்கி வந்தார். போயர் போரில், 1900 ஜனவரியில், நேட்டாலின் ஸ்பியன் கோப் மலையில் நின்ற பிரிட்டிஷ் சிப்பாயுடையது என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். ஐயா பேரம்கூடப் பேசவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அந்தப் போரில் காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர் இருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். ஸ்பியன் கோப்பில் காயம்பட்டவர்களைச் சுமந்தவர்கள் அவர்கள். தம் பாட்டனாரும் அதில் போனார் என்று ஐயா வீட்டில் சொல்வார்களாம்.

சின்னத்தின் மேலுள்ள கிரீடத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தோம். விக்டோரியா ராணி காலத்துக் கிரீடத்தில் வளைவுகள் தோளில் எழும்பி நடுவில் பள்ளமாக இறங்கும். இதிலோ கோபுரக் கலசத்தின் வயிறு போல உருண்டிருந்தது. அது ராணிக்குப் பின் ராஜா வந்ததும் சின்னங்களில் இட்ட ராஜா கிரீடம். ராணி இறந்தது 1901 ஜனவரியில். அதற்கு ஓராண்டு முன்பு நடந்த சண்டையில் இந்தச் சின்னம் எப்படி இருந்திருக்கும்? பின்பக்க வளையங்களும் தேய்மானமும் சரியாகவே இருந்தன. சின்னம் பழையதுதான், கதைதான் பொய். ஐயா முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். இல்லாவிட்டால் அந்தப் பொய் பேரப்பிள்ளைகள் வரைக்கும் போயிருக்கும். இனி காசு கொடுக்கும் முன் கிரீடத்தைப் பாருங்கள்.

ஜூலைக் கூட்டத்துக்கு ஒரு தம்பி முதல் உலகப் போர்க்கால ஸ்பிரிங்பொக் (தென்னாப்பிரிக்க மான்) சின்னம் கொண்டுவந்தார். மான் தலையைச் சுற்றிய வளையத்தில் ‘ஒற்றுமையே பலம்’ என்று ஆங்கிலத்திலும் டச்சிலும் எழுத்து. 1916இல் பிரான்ஸின் டெல்வில் காட்டில் போரிட்ட தென்னாப்பிரிக்கப் படையணியின் சின்னம் இது. கையில் வாங்கியவர்கள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அப்புறம், துலக்குவது பற்றி. என் வீட்டிலேயே நடந்தது இது. குத்துவிளக்கோடு சேர்த்து ஒரு தலைக்கவசத் தகட்டையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டார்கள். பொன்முலாம் போய்விட்டது, நூறாண்டு படிந்த நிறமும் போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. உலர்ந்த மென்துணி போதும். புளி, சாம்பல், பிராசோ பாலிஷ் எதுவும் வேண்டாம்.

ஏப்ரலில் டர்பன் ஓல்டு ஃபோர்ட்டில் உள்ள வாரியர்ஸ் கேட் ராணுவ அருங்காட்சியகத்துக்குப் போகலாம் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. வருகிறவர்கள் தைப்பூசத்துக்குள் என்னிடம் பெயர் கொடுத்துவிடுங்கள். லென்ஸ் இருப்பவர்கள் கொண்டுவாருங்கள்.

செயலாளர், டர்பன்