சுண்ணாம்பு எவ்வளவு? மண் பரிசோதனைக் கூடங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களே, வணக்கம்.

நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் கோஸும் கேரட்டும் போடுகிறவன் நான். போன வருடம் ஒரு கூடத்தில் மண் கொடுத்தேன். அட்டையில் வந்தது இவ்வளவுதான்: 'பி.எச். 4.9. சுண்ணாம்பு இடவும்.' பி.எச். என்பது மண்ணின் புளிப்பைக் காட்டும் எண்; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம், சுண்ணாம்பு அதை முறிக்கும். ஆனால் எவ்வளவு இடவேண்டும் என்று இல்லை. என்ன பயிர் என்றும் யாரும் கேட்கவில்லை.

மேல்தோட்டத்து அண்ணனுக்கும் அதே 4.9. இருவரும் அரை ஏக்கருக்கு 20 மூட்டை டோலமைட் சுண்ணாம்பு போட்டோம். மூன்று மாதம் கழித்து என் மண் 5.9. அவருடையது 5.2 தாண்டவில்லை. பிறகு அவர் நட்ட கோஸ் உச்சி வெயிலில் துவண்டு, சாயங்காலம் நிமிர்ந்தது. தண்ணீர் போதவில்லை என்றே நினைத்தோம். ஒன்றைப் பிடுங்கினால், சல்லிவேர் இருக்கவேண்டிய இடத்தில் இஞ்சி போல விரல் விரலாக வீக்கம். கிளப் ரூட் என்கிற வேர்வீக்க நோய். புளித்த மண் அந்தக் கிருமிக்குத் தோது. அதன் வித்துகள் பத்து வருடத்துக்கு மேலும் மண்ணில் உறங்கும். அண்ணன் அந்தச் செடியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவேயில்லை.

கல்லூரியில் வேதியியல் படிக்கும் என் மகள்தான் காரணத்தை விளங்க வைத்தாள். பி.எச். காட்டுவது மண்ணின் ஈரத்தில் கரைந்திருக்கும் அமிலத்தை மட்டும். அதைவிடப் பல மடங்கு அமிலம் களிமண்ணிலும் மட்கிலும் ஒட்டிக் கிடக்கிறது. கரைந்ததைச் சுண்ணாம்பு முறிக்க முறிக்க, ஒட்டியிருப்பது வெளியே வரும். கிணற்றில் இறைக்க இறைக்க ஊறுவது போல. என்னுடையது மட்கு குறைந்த செம்மண். அண்ணனுடையது சோலை ஓரத்துக் கறுப்பு மண், ஊற்று பெரிது. 1909-ல் சோரன்சன் கோபன்ஹேகனில் வகுத்த இந்த அளவுகோலில் ஓர் எண் என்பது பத்து மடங்கு. 4.9-ஐ 5.9 ஆக்குவது சின்ன வேலை இல்லை.

ஊற்றை அளக்க வழி 1961-லேயே வந்துவிட்டது. பி.எச். 7.5 உள்ள பஃபர் கரைசலை, அதாவது பி.எச். எளிதில் மாறாத கரைசலை, மண்ணோடு குலுக்கி, அதன் பி.எச். எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தால் போதும். எத்தனை டன் சுண்ணாம்பு என்று அட்டவணை சொல்லிவிடும். பி.எச். மீட்டர் உங்களிடமே இருக்கிறது. பழைய கரைசலில் குரோமேட் உண்டு, அது நஞ்சு. அது இல்லாத மாற்றுக் கரைசலும் இருக்கிறது.

பயிரையும் கேளுங்கள். தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை போதும். உருளைக்கிழங்குக்குச் சுண்ணாம்பு மிஞ்சினால் கிழங்கில் சொறி விழும். கேரட்டுக்கு 6-ஐத் தாண்டவேண்டும். நம் மலையில் இந்த மூன்றும் ஒரே சரிவில், வரப்புக்கு வரப்பு மாறி நிற்கின்றன. எல்லாருக்கும் ஒரே வரியை எப்படி எழுதித் தருகிறீர்கள்?

அடுத்த வாரம் இரண்டு பை மண் கொண்டுவருகிறேன், என்னுடையது ஒன்று, அண்ணனுடையது ஒன்று. இரண்டையும் பஃபரில் குலுக்கிப் பார்த்து, ஏக்கருக்கு எத்தனை கிலோ என்று அட்டையில் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கேத்தியிலிருந்து ஒரு விவசாயி